முப்பத்தஞ்சு வயசுக்கு மேல நர்ஸ் ஆகக் கூடாதா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு கிடக்கு. எழுத விஷயம் இல்லாம இல்லை, சோம்பேறித்தனம்தான். ஆனா ரெண்டு மாசமா ஒரு நம்பர் மண்டைக்குள்ள குடைஞ்சுகிட்டே இருக்கு. இறக்கி வெச்சாத்தான் தூக்கம் வரும் போல. அந்த நம்பர் 35.

எங்க பாரிவாக்கத்துல எதிர் வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க. பேர் வேண்டாம். வயசு 34, வர்ற டிசம்பர்ல 35 முடியுது. ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சவங்க, காமர்ஸ் குரூப். கல்யாணம், ரெண்டு புள்ளைங்க. வீட்டுக்காரர் டாடா ஏஸ் ஓட்டுறார். இவங்க அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன். காலையில ஆறரைக்கு கம்பெனி வேன் வரும், சாயங்காலம் திரும்ப இருட்டிடும். மாசம் 13,000 ரூபா.

இவங்க மாமியார் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல படுக்கையில இருந்தாங்க. அந்த ரெண்டு வருஷமும் வேலையை விட்டுட்டு இந்தம்மாதான் பாத்துக்கிட்டாங்க. மூக்கு வழியா டியூப்ல கஞ்சி ஊத்தறது, மூத்திரப் பையை மாத்தறது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறது எல்லாம். கடைசி வரைக்கும் அந்தப் பெரியம்மா உடம்புல ஒரு படுக்கைப் புண் வரலை. படுக்கையில கிடக்கிறவங்களைப் பாத்துக்கிட்டவங்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம்னு. பாக்க வந்த டாக்டரே, "நர்சிங் படிச்சிருக்கியாம்மா?"ன்னு கேட்டாராம். அந்த ஒரு கேள்விதான் விதை.

மாமியார் காலமாகி வருஷம் திரும்பறதுக்குள்ள இவங்க முடிவு பண்ணிட்டாங்க. நர்சிங் படிக்கணும். எங்கிட்ட வந்து, "அண்ணா, நீங்க இன்டர்நெட்டுல பாத்து சொல்லுங்க, எனக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது"ன்னு கேட்டாங்க. அப்படித்தான் இந்த ஆராய்ச்சி ஆரம்பிச்சது. தெருவுல இருக்கிற நாட்டாமைங்க எல்லாம் அதுக்குள்ள தீர்ப்பு சொல்லிட்டாங்க. "இந்த வயசுல யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, சின்னப் பொண்ணுங்களோட பெஞ்சுல உக்காரப் போறியா?" "உன் பொண்ணு படிக்கிற வயசுல நீ படிக்கப் போறியா?" இப்படி.

தெரு பேசறதை விடுங்க. தெரு எப்பவும் பேசும். நான் சொல்ல வந்தது, தெரு சொல்றதையே சட்டமும் சொல்லுதுங்கிறதைத்தான்.

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஜி.என்.எம். டிப்ளமோ சேர குறைஞ்சபட்ச வயசு 17, அதிகபட்ச வயசு 35. ஏ.என்.எம். கோர்ஸுக்கும் அதேதான். பி.எஸ்ஸி. நர்சிங்குக்கும் இப்ப அதே 35 வந்தாச்சு. அதாவது எதிர் வீட்டம்மா இந்த வருஷம் சேர்ந்தா சேர்ந்தது. அடுத்த வருஷம் அவங்க கை அதே கைதான், பொறுமை அதே பொறுமைதான், ஆனா தகுதி போயிடும். பாலுக்குப் போடற மாதிரி மனுஷிக்கும் காலாவதி தேதி :-(

இந்த 35 எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சா சுவாரசியமா இருக்கு. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-ல லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில நர்சிங் பள்ளி ஆரம்பிச்சப்ப, பயிற்சிக்கு வர்றவங்களுக்கு விரும்பத்தக்க வயசு 25-லேருந்து 35 வரைன்னு விதி எழுதினாங்க. கவனிங்க மக்களே, கீழ் வரம்பு 25. பதினேழு வயசுப் பொண்ணை மரணப் படுக்கை பக்கத்துல நிறுத்தறதுக்கு அந்தம்மா யோசிச்சிருக்காங்க. வாழ்க்கையில கொஞ்சம் அடிபட்டு வரட்டும்னு நினைச்சிருக்காங்க போல. நாம என்ன பண்ணியிருக்கோம்? கீழ் வரம்பை 17-க்கு இறக்கிட்டோம், மேல் வரம்பை மட்டும் பத்திரமா வெச்சிருக்கோம். அந்த 35-தான் நேரா இங்க வந்துச்சான்னு நான் சொல்ல வரலை. ஆனா நூத்தி அறுபது வருஷத்துக்கு முந்தி, மனுஷனோட சராசரி ஆயுசே ரொம்பக் கம்மியா இருந்த காலத்துல போட்ட கோடும், நாம இன்னிக்குப் போட்டிருக்கிற கோடும் ஒண்ணா இருக்குங்கிறது யோசிக்க வைக்குதா இல்லையா?

நைட்டிங்கேல் கதையையே எடுத்துக்கோங்க. 1820-ல பிறந்தவங்க. வீட்டுல அவ்வளவு எதிர்ப்பு. ஜெர்மனியில கைசர்ஸ்வெர்த்ங்கிற ஊருக்குப் போய் முறையா பயிற்சி எடுத்தது 1851-ல, 31 வயசுல. இன்னும் நாலு வருஷம் வீட்டுல சண்டை நீண்டிருந்தா, நம்ம கணக்குப்படி அவங்க அப்ளிகேஷனே தள்ளுபடி.

அன்னை தெரசாவும் அப்படித்தான். 1948-ல கான்வென்ட்டை விட்டு வெளியே வந்ததும் அவங்க முதல்ல போனது பாட்னாவுக்கு. மெடிக்கல் மிஷன் சிஸ்டர்ஸ் நடத்தின ஆஸ்பத்திரியில சில மாசம் அடிப்படை மருத்துவப் பயிற்சி எடுத்துக்கிட்டுத்தான் கல்கத்தா சேரிக்குள்ள இறங்கினாங்க. 1910-ல பிறந்தவங்க. அப்ப அவங்களுக்கு வயசு 38. நம்ம கவுண்டர்ல வந்து நின்னிருந்தா, "ஓவர் ஏஜ்மா, அடுத்த ஆள் வாங்க".

பெரிய மனுஷங்களை எதுக்கு இழுக்கறேன்னு கேப்பீங்க. அவங்க விதிவிலக்குன்னு சொல்வீங்க. சரி, விதிவிலக்கு இல்லாத, சாதாரணப் பொண்ணுங்க கதைக்கு வருவோம். அது நம்ம மெட்ராஸ்லயே இருக்கு.

சகோதரி சுப்புலட்சுமி. குழந்தை விதவை. படிக்க வெச்ச அப்பா கிடைச்சதால 1911-ல மாநிலக் கல்லூரியில பட்டம் வாங்கினாங்க. அப்புறம் திருவல்லிக்கேணி கடற்கரையில ஐஸ் ஹவுஸ்ல குழந்தை விதவைகளுக்கு விடுதி நடத்தினாங்க, படிக்க வெச்சாங்க, டீச்சராக்கினாங்க. ஆனா அது சின்னப் பொண்ணுங்களுக்கு. வயசு வந்த விதவைங்க எங்க போவாங்க? அவங்களையும் மனசுல வெச்சுத்தான் 1927-ல சாரதா வித்யாலயா வந்துச்சு. அதாவது "வயசாயிடுச்சு, இனிமே படிப்பெல்லாம் எதுக்கு"ங்கிற வசனத்துக்கு இந்த ஊர்ல கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முந்தியே ஒரு பதில் கட்டடமா எழும்பியிருக்கு.

இன்னொருத்தர் துர்காபாய் தேஷ்முக். எட்டு வயசுல கல்யாணம் பண்ணி வெச்சு, அதுலேருந்து வெளியே வந்து, உப்பு சத்தியாகிரகத்துல ஜெயிலுக்குப் போய், அதுக்கப்புறம் தானே உக்காந்து மெட்ரிகுலேஷன் எழுதி, பட்டம் வாங்கி, வக்கீலானவங்க. 1937-ல அவங்க மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஆந்திர மகிளா சபா முதல்ல பண்ணின வேலை என்ன தெரியுமா? படிப்பை பாதியில விட்ட பொண்ணுங்களை பனாரஸ் மெட்ரிக் பரீட்சைக்குத் தயார் பண்றது. அடையாறு பக்கம் போறவங்க அந்த ஆஸ்பத்திரியைப் பாத்திருப்பீங்க. அந்த ஆஸ்பத்திரிக்கு வேர் ஒரு டியூஷன் சென்டர்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

1953-ல மத்திய சமூக நல வாரியம் வந்தப்ப துர்காபாய்தான் முதல் தலைவர். அந்த வாரியம் 1958-ல ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. பள்ளிக்கூடத்தை பாதியில விட்ட வயசு வந்த பொண்ணுங்களுக்கு, பல வருஷப் பாடத்தைச் சுருக்கி ரெண்டு வருஷத்துல சொல்லிக் கொடுத்து பரீட்சை எழுத வைக்கிறது. நோக்கம் வெறும் சர்டிபிகேட் இல்லை. கிராமத்துக்கு டீச்சர் வேணும், நர்ஸ் வேணும், மருத்துவச்சி வேணும். ஆள் இல்லை. ஆனா கைவிடப்பட்டவங்க, விதவைங்க, வேலை தேடறவங்கன்னு எத்தனையோ பொண்ணுங்க சும்மா இருக்காங்க. இந்த ரெண்டு பிரச்சினையையும் ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டுட்டா? அதான் யோசனை. எவ்வளவு எளிமையான, எவ்வளவு புத்திசாலித்தனமான யோசனை!

அமெரிக்காக்காரனும் அதே காலத்துல அதே முடிச்சைத்தான் போட்டான். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட அங்க நர்ஸுக்குப் பஞ்சம். மில்ட்ரெட் மான்டாக்ங்கிற நர்சிங் பேராசிரியை 1951-ல ஒரு ஆய்வு எழுதினாங்க. ஆஸ்பத்திரிக்குள்ளயே தங்க வெச்சு மூணு வருஷம் வேலை வாங்கற பழைய முறைக்குப் பதிலா, உள்ளூர் கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷத்துல சொல்லிக் கொடுக்கலாம்னு. 1952-ல சோதனை ஆரம்பிச்சாங்க. என்ன ஆச்சுன்னா, பழைய பள்ளிகள் பலதும் சேத்துக்க மறுத்த கல்யாணமானவங்க, வயசானவங்க, ஆம்பளைங்க எல்லாம் வந்து சேர்ந்தாங்க. இன்னிக்கும் அங்க நாப்பது வயசுல முதல் தடவையா நர்சிங் படிக்கிறது பெரிய செய்தியே இல்லை. இங்கிலாந்துலயும் நர்சிங் படிப்புக்கு மேல் வயசு வரம்பு கிடையாது. முடியுமா, தேறுவியா, உடம்பு ஒத்துழைக்குமா, இதைத்தான் பாக்கறாங்க.

இந்தியாவுல அந்தக் கதவு இல்லை. நம்ம ஊர்ல கிடையாதுன்னா தேவை இல்லைன்னு அர்த்தமா? உலக சுகாதார நிறுவனம் 2020-ல வெளியிட்ட அறிக்கைப்படி, 2018 நிலவரத்துல உலகம் முழுக்க 59 லட்சம் நர்ஸுங்க பற்றாக்குறை. அந்தப் பள்ளத்தை பணக்கார நாடுங்க நம்ம பொண்ணுங்களை வெச்சுத்தான் நிரப்பிக்கிறாங்க. தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு மனிதவள நிறுவனமே நர்ஸுங்களை வெளிநாட்டுக்கு அனுப்புது. போறவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப் போறாங்க. ஆனா இருபத்திரண்டு வயசுப் பொண்ணு பறந்து போன அப்புறம் பூந்தமல்லி ஆஸ்பத்திரி வார்டுல ராத்திரி யார் நிக்கிறது? முப்பத்தெட்டு வயசுல, புள்ளைங்க ஸ்கூல் இங்க, வீட்டு வாடகை அட்வான்ஸ் இங்க, ரேஷன் கார்டு இங்கன்னு வேரோடி நிக்கிற ஒரு பொண்ணு எங்கயும் போகப் போறதில்லை. உள்ளூருக்கு நர்ஸ் வேணும்னா உள்ளூர்க்காரியைத்தானே படிக்க வைக்கணும்?

"வயசானவங்களை எடுத்தா சர்வீஸ் கம்மி, அரசுப் பணம் வீண்"னு ஒரு வாதம் வரும். கணக்குப் போட்டுப் பாக்கலாம். தமிழ்நாடு அரசுல ஓய்வு வயசு 2021-லேருந்து 60. நாப்பது வயசுல சேர்ந்து மூணு வருஷம் படிச்சு 43-ல வேலைக்கு வந்தாக்கூட பதினேழு வருஷம் சர்வீஸ். பதினேழு வருஷம் ஒரே ஊர்ல வேலை பாக்கற நர்ஸ் வீண்னா, எது வீண் இல்லை?

"ராத்திரி டியூட்டி, நின்னுகிட்டே வேலை, உடம்பு தாங்காது"ம்பாங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல எட்டு மணி நேரம் நின்னுகிட்டே பேக்கிங் பண்றப்ப தாங்கற உடம்பு, ஆஸ்பத்திரியில மட்டும் தாங்காதா? மருத்துவப் பரிசோதனை வைங்க. தேறலைன்னா எடுக்காதீங்க. பதினெட்டு வயசுப் பொண்ணுக்கும் அதே பரிசோதனைதானே. வயசை வெச்சு உடம்பை அளக்கிறது, நிறத்தை வெச்சு மாம்பழத்தை வாங்கற மாதிரி.

இன்னொண்ணு சொல்லணும். நாம ஏற்கெனவே நடுத்தர வயசுப் பொண்ணுங்களை நம்பித்தான் சுகாதாரத்தை ஓட்டிக்கிட்டு இருக்கோம். 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஆரம்பிச்சாங்க. வீடு வீடா வந்து பி.பி. பாக்கறது, சர்க்கரை பாக்கறது, மாத்திரை கொடுக்கறது யாரு? மகளிர் சுயஉதவிக் குழுவிலேருந்து எடுத்த பெண் தன்னார்வலர்கள். ஊக்கத்தொகைக்கு வேலை பாக்கறதுக்கு வயசு சரியா இருக்கு, படிச்சு பதிவு பண்ணின நர்ஸா ஆகறதுக்கு மட்டும் வயசு தாண்டிடுதா? இது எந்த ஊர் நியாயம்?

இவ்வளவு பேசிட்டு, "ஆகவே எல்லாரும் போய்ச் சேருங்க"ன்னு முடிச்சா நான் அயோக்கியன். மறுபக்கமும் இருக்கு. எதிர் வீட்டம்மாகிட்ட உக்காந்து நான் முதல்ல சொன்னதே இந்த மறுபக்கத்தைத்தான்.

ஒண்ணு, சம்பளம். தமிழ்நாட்டுல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல பரீட்சை வெச்சு ஆயிரக்கணக்கான நர்ஸுங்களை எடுத்துச்சு. மாசம் 7,700 ரூபா தொகுப்பூதியம். பரீட்சை எழுதி, அரசு வேலைன்னு வந்தவங்களுக்கு 7,700! 2017 நவம்பர்ல தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல அவங்க ராத்திரி பகலா உக்காந்து போராடினது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம்தான் தொகையை ஏத்தினாங்க. கொரோனா காலத்துல அவசர அவசரமா ஒப்பந்தத்துல எடுத்த ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுங்களோட ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓட முடிஞ்சுதுன்னு அனுப்பிட்டாங்க. கை தட்டினோம், விளக்கேத்தினோம், அப்புறம் கணக்கை முடிச்சுட்டோம்.

தனியார் பக்கமும் இனிக்கலை. சுப்ரீம் கோர்ட் 2016 ஜனவரியில சொன்னதை வெச்சு மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டுச்சு. 50 படுக்கைக்குக் கீழ இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில கூட நர்ஸுக்கு மாசம் 20,000-க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல இருந்தா மாநில அரசு நர்ஸ் சம்பளத்துக்குச் சமமா கொடுக்கணும்னு கமிட்டி பரிந்துரை பண்ணுச்சு. கேரளா நர்ஸுங்க விடாம போராடி 2018-ல குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பே வாங்கிட்டாங்க. நம்ம ஊர் சின்ன நர்சிங் ஹோம்ல புதுசா சேர்ற பொண்ணுகிட்ட சம்பளம் என்னன்னு கேட்டுப் பாருங்க. நான் கேட்டேன். பதிலை இங்க எழுத வெக்கமா இருக்கு.

ரெண்டாவது, மூணு வருஷம். ஜி.என்.எம். முழு நேரப் படிப்பு. இந்தம்மாவுக்கு மாசம் 13,000 வீதம் 36 மாசத்துக்கு 4,68,000 ரூபா வருமானம் போச்சு. ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம், பஸ் எல்லாம் தனி. கடன் வாங்கிப் படிச்சுட்டு, வெளியே வந்து எஸ்டேட் சம்பளத்துக்கும் கீழ வாங்கினா? இந்தக் கேள்வியை தெரு கேக்கலை பாத்தீங்களா. பெஞ்சுல உக்காரறதைப் பத்திதான் கவலைப்பட்டாங்க.

மூணாவது, போலி. இதுதான் எனக்கு ரொம்ப பயம். ஆவடி ரோட்டுல பூந்தமல்லிலேருந்து பருத்திப்பட்டு வரைக்கும் கரண்ட் கம்பத்தைப் பாத்துக்கிட்டே போங்க. "ஆறே மாதத்தில் நர்ஸ் ஆகலாம், வயது வரம்பு இல்லை, 100% வேலை உறுதி"ன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். சட்டம் சாத்தின கதவுக்கு முன்னாடி நின்னு இவங்க கடை விரிக்கிறாங்க. ஆறு மாசம் படிச்சு வாங்கற காகிதம் உங்களை உதவியாளரா வேணா ஆக்கலாம், நர்ஸ் ஆக்காது. தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் குழுமத்துல பதிவு பண்ணினாத்தான் நர்ஸ். 1926-லேருந்து இந்த மாநிலத்துல இதுக்குன்னு தனி சட்டமே இருக்கு. 35 தாண்டின பொண்ணுங்க, நகையை அடகு வெச்சு இந்த ஆறு மாசக் கடையில பணத்தைக் கொட்டறாங்க. வயசு வரம்பால லாபம் யாருக்குன்னு இப்ப புரியுதா?

அதனால, யாராவது இந்த மாதிரி முடிவோட உங்ககிட்ட வந்தா, தெரு மாதிரி பேசாதீங்க. இதைச் சொல்லுங்க:

1. ப்ளஸ் டூ-ல இயற்பியல், வேதியியல், உயிரியல் இல்லைன்னா பி.எஸ்ஸி. நர்சிங் கிடையாது. ஆனா நர்சிங் கவுன்சில் விதிப்படி ஜி.என்.எம்.முக்கு இங்கிலீஷோட 40 சதவீதம் மார்க் இருந்தா எந்த குரூப்பும் போதும், சயின்ஸ்னா முன்னுரிமை. அரசு இடங்களுக்கு அந்தந்த வருஷம் தனி நிபந்தனை இருக்கும். விளக்கக் குறிப்பேட்டை வரி விடாம படிங்க.

2. ஜி.என்.எம். முடிச்சா கதை முடியலை. அதுக்கு மேல ரெண்டு வருஷம் போஸ்ட் பேசிக் படிச்சா பி.எஸ்ஸி. பட்டம். ஏணி இருக்கு, முதல் படியில கால் வெக்கணும்.

3. இதை நிறைய பேர் கவனிக்கறதில்லை. ஏ.என்.எம். முடிச்சவங்க ஜி.என்.எம். சேர்றதுக்கு வயசு வரம்பு கிடையாதுன்னு அதே விதியில இருக்கு. ரெண்டு வருஷ ஏ.என்.எம்.ல 35-க்குள்ள நுழைஞ்சுட்டா, அப்புறம் வாழ்க்கை இழுத்தடிச்சாலும் கதவு முழுசா சாத்தாது.

4. பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்தப் பள்ளி பேர் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியல்லயும் மாநிலக் குழுமப் பட்டியல்லயும் இருக்கான்னு பாருங்க. அந்த வருஷத்துக்கு இருக்கான்னு பாருங்க. போன வருஷம் இருந்துச்சுங்கிறது பதில் இல்லை. இல்லைன்னா காலில் செருப்பை மாட்டிக்கிட்டு கிளம்பி வந்துடுங்க.

5. பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்கன்னு கேளுங்க. கேட்டா முறைப்பாங்க. பரவாயில்லை. படுக்கையும் நோயாளியும் இல்லாத இடத்துல நர்சிங் கத்துக்கறது, தண்ணி இல்லாத பாரிவாக்கம் ஏரியில நீச்சல் கத்துக்கிற மாதிரி :-)

இதெல்லாம் தனி மனுஷி பண்ண வேண்டியது. அரசாங்கம் பண்ண வேண்டியது வேற.

முதல்ல அந்த 35-ஐ எடுங்க. எடுக்க மனசு வரலைன்னா 45-க்காவது தள்ளுங்க. 2023-ல பார்லிமென்ட் தேசிய நர்சிங் மற்றும் தாதியர் ஆணையச் சட்டத்தை நிறைவேத்திச்சு. 1947-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலா வந்தது அது. சட்டத்தையே புதுசா எழுதறப்ப வயசுக் கோட்டையும் ஒரு தடவை திரும்பிப் பாக்கலாமே.

அப்புறம், தியரி வகுப்பை சாயங்காலமோ சனி ஞாயிறோ வெச்சு நாலு வருஷமா நீட்டி ஒரு கோர்ஸ் கொடுங்க. வார்டு பயிற்சியில ஒரு மணி நேரம் கூட குறைக்க வேண்டாம். குறைக்கச் சொல்றவன் நோயாளிக்கு எதிரி. நேரத்தை மட்டும் மாத்தி அடுக்குங்க. கூடவே, இருபது வருஷமா இங்கிலீஷ் புத்தகத்தைத் தொடாதவங்களுக்கு உடற்கூறு வார்த்தைகளைத் தமிழ் வழியா சொல்லிக் கொடுக்கிற மூணு மாச முன்தயாரிப்பு வகுப்பு. துர்காபாய் 1937-ல நாலு சுவத்துக்குள்ள பண்ணினதை இவ்வளவு பெரிய மாநிலம் இப்ப பண்ண முடியாதா? எங்க பக்கத்தையே பாருங்க. தண்டலம், போரூர், வேலப்பன்சாவடி, நசரத்பேட்டைன்னு பஸ் ஸ்டாப்புக்கு ஒரு மெடிக்கல் காலேஜ் முளைச்சிருக்கு. கட்டடம் இருக்கு, படுக்கை இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு வகுப்பறையைத் திறந்து விட்டா கட்டடம் தேஞ்சு போயிடாது.

கடைசியா, அடிப்படைச் சம்பளம். கமிட்டி சொன்ன 20,000 பரிந்துரையா தூசி படிஞ்சு கிடக்காம, சட்டமா வரணும். இது இல்லாம மேல சொன்ன ரெண்டும் வந்தா, கம்மிக் கூலிக்கு இன்னொரு கும்பலைத் தயார் பண்ணிக் கொடுத்த மாதிரிதான் முடியும். அதுக்கு எதிர் வீட்டம்மா பேக்கிங் செக்‌ஷன்லயே இருந்துடலாம், வேனாவது வாசலுக்கு வரும்.

அவங்க நிலவரம் கேப்பீங்க. ஒரு அங்கீகாரம் பெற்ற பள்ளியில ஜி.என்.எம். விண்ணப்பம் போட்டாச்சு. வீட்டுக்காரர் முதல்ல மூணு நாள் பேசலையாம். நாலாவது நாள், "காலையில உன்னைய யாரு பஸ் ஸ்டாப்புல விடுவா, நாந்தானே"ன்னாராம். சம்மதத்தை இப்படித்தான் சொல்லத் தெரியும் நம்ம ஆளுங்களுக்கு. இடம் கிடைக்குமா, மூணு வருஷம் தாக்குப்பிடிப்பாங்களா, எனக்குத் தெரியாது. ஆனா கணக்கை எல்லாம் போட்டுப் பாத்துட்டு, சம்பளம் இவ்வளவுதான்னு தெரிஞ்சுகிட்டு, அப்பவும் போறேன்னு சொல்றவங்களைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

என் கவலை அவங்களைப் பத்தி இல்லை. அவங்க டிசம்பருக்குள்ள நுழைஞ்சுட்டா தப்பிச்சாங்க. அதே தெருவுல நாலு வீடு தள்ளி இன்னொரு அம்மா இருக்காங்க. பத்து வருஷமா கேன்சர் வந்த அம்மாவையும், அப்புறம் படுத்த படுக்கையான அப்பாவையும் பாத்து அனுப்பி வெச்சவங்க. இவங்க சேரப் போறது தெரிஞ்சு, "எனக்கும் கிடைக்குமாண்ணா?"ன்னு கேட்டாங்க. வயசு 37. அவங்ககிட்ட சொல்றதுக்கு என்கிட்ட இருக்கிறது அந்த கரண்ட் கம்ப நோட்டீஸ் மட்டும்தான். அதைச் சொல்ல நான் தயாரா இல்லை.

டிஸ்கி: நர்சிங் துறையில இருக்கிற பதிவர்கள் யாராவது படிச்சா, உங்க வார்டுல முப்பதுக்கு மேல படிக்க வந்தவங்க எப்படி வேலை பாக்கறாங்கன்னு எழுதுங்க. நல்லதோ கெட்டதோ, உள்ளது உள்ளபடி. எதிர் வீட்டம்மாவுக்கு அப்படியே படிச்சுக் காட்டறேன்.